பதினோரு வெட்டுக்கிளிகள்

1

நான் குடியிருக்கும் ஊருக்கு மே மாதம் முடிவதற்குள் இரண்டு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். ஒன்று கொசு. இன்னொன்று கோடைப் பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள். கொசுவுக்காவது மருந்து இருக்கிறது.

அமெரிக்காவின் நடுவில், நாலு பக்கமும் மக்காச்சோளக் காடு சூழ்ந்த பல்கலைக்கழக ஊர் இது. இங்கே பரிணாம உயிரியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் உதவியாளர். பரிணாமம் என்றதும் குரங்கைப் பற்றிக் கேட்காதீர்கள். எங்கள் ஆட்கள் பழ ஈக்கள். எந்த ஈ பிழைக்கிறது, எது சாகிறது, பிழைத்ததன் குணம் அடுத்த தலைமுறையில் எவ்வளவு கூடுகிறது என்று வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டே இருப்பதுதான் வேலை. பட்டப்படிப்பு முடிக்காத பிள்ளைகள் பத்துப் பேர் கோடையில் பத்து வாரம் எங்களோடு இருந்து இதைக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அறைச் சாவி வாங்கித் தருவது, படிவங்களில் கையெழுத்து வாங்குவது, ஈக்களுக்குக் கஞ்சி காய்ச்சக் காட்டிக்கொடுப்பது எல்லாம் என் தலையில். ஈக்குக் கஞ்சியா என்று பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் என் அம்மா இன்னும் சிரிக்கிறாள்.

வந்து ஆறு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஜனவரியும் தபால் ஆபீசுக்குப் போய், நான் இன்னும் இந்த நாட்டில்தான் இருக்கிறேன், இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வருடம் வேறொரு ஆபீசில் பிறந்த இடம் கேட்டார்கள். நான் பிறந்தபோது பாலக்காடு சென்னை ராஜ்யத்தில் இருந்தது, இப்போது கேரளத்தில் இருக்கிறது, வீட்டில் பேசுவது தமிழ் என்று ஒழுங்காக விளக்கினேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏதாவது ஒன்றைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள். லீவு விண்ணப்பத்தில் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்று எழுதியபோது, எந்த ரயில்வே ஸ்டேஷன் என்று கேட்டார்கள். இந்த ஊரில் ரயிலே நிற்காது.

வழக்கம்போல் இந்தப் பத்திரிகைக்கு இதையெல்லாம் எழுதிச் சிரிக்க வைத்துவிட்டு முடித்துக்கொள்ளலாம். இந்த முறை முடியாது. சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது.

2

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நுண்ணோக்கியில் குனிந்து நான் எண்ண, கேரன் என்ற மாணவி பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு புட்டியாக ஈக்களை மயக்கி, தட்டில் கொட்டி, தூரிகையால் தள்ளித் தள்ளிச் சிவப்புக் கண் எத்தனை, வெள்ளைக் கண் எத்தனை என்று சொல்வேன். கடைசியாகச் சொல்லும் எண்ணை அவள் எழுதுவாள். ஒன்றுமே இல்லாவிட்டால் ‘அடுத்தது’ என்பேன். பூஜ்யம் போடுவாள்.

அன்று காலை அப்பாவின் கடிதம் வந்திருந்தது. கிணற்றில் தண்ணீர் எத்தனை படிக்கட்டு இறங்கியிருக்கிறது, எருமை என்ன கன்று போட்டது என்று எழுதியிருந்தார். மனம் அங்கேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. எப்போதும் ஆங்கிலத்தில் எண்ணுகிறவள் அன்று முதல் ஈயைத் தமிழில் சொல்லி, இரண்டாவதிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவியிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

கேரன் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “ஒன்று கேட்கட்டுமா? இப்போது நீங்கள் சொன்னது எண்ணா, தும்மலா?”

“என்ன சொன்னேன்?”

“லாபம் என்றீர்கள். பிறகு ‘அடுத்தது’ என்றீர்கள். இன்று இது நாலாவது தடவை.”

நம் களத்தில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அளவுப் பாத்திரமான வள்ளத்தில் முதலாவதை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள். ஒன்று என்றால் ஒற்றை, அதோடு நின்றுவிடும் என்று ஒரு பயம். ‘லாபம்’ என்று சொல்லிக் கொட்டிவிட்டு, அடுத்ததை ‘ரெண்டு’ என்பார்கள். அப்பா அளப்பதைக் கேட்டே எண்ணக் கற்றவள் நான். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் கடைசி எண் சரியாகவே வரும், ஒரு குழப்பமும் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தால்தான் தகராறு. ‘லாபம்’ என்று சொல்லி நிறுத்திவிடுவேன். வழக்கம் தெரியாதவர்கள் காதுக்கு, நான் எண்ணவே ஆரம்பிக்காதது போல் இருக்கும்.

கேரன் அந்த நாலு பூஜ்யங்களையும் வட்டமிட்டாள். இருவரும் ஆய்வுக்கூடத் தலைவரின் அறைக்குப் போனோம். “தவறு என்னுடையது, எழுதினவளுடையது இல்லை” என்றேன். புட்டிகள் இருக்கின்றன அல்லவா, மறுபடி எண்ணுங்கள் என்றார். காபி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் கேட்டார். அவ்வளவுதான். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது.

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

3

ஒன்பது வருடங்களுக்கு முன், எழுபதுகள் பிறந்த புதிதில், பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் இதே மாதிரி ஒரு கோடைப் பயிற்சி நடந்தது. மூன்று கல்லூரிகளிலிருந்து ஆறு பேர். நடத்தியவர் பிரபாகரன் சார். பாடப் புத்தகத்தைத் தொடக்கூடாது, வயலுக்குப் போய் ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துக்கொண்டு வரவேண்டும் என்பது அவர் ஏற்பாடு. எட்டு வாரம் முடிந்ததும் இரண்டு பேருக்குச் சிபாரிசுக் கடிதம் தருவார். அதைக் கொண்டுபோனால் பெங்களூரில் உதவிச் சம்பளத்தோடு மேல்படிப்புப் படிக்கலாம்.

எனக்கு ஜோடியாக வந்தவள் செல்வராணி. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். அம்மா கொழுந்து பறிக்கிறவர், அப்பா இல்லை. பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம். அன்று இடுக்கி என்று ஒரு ஜில்லாவே கிடையாது, அவள் முகவரியில் கோட்டயம் என்றுதான் போட வேண்டும். அந்தத் தோட்டத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள். அந்த இரண்டு கடிதங்களில் ஒன்று தனக்குக் கிடைக்கும் என்று நம்பித்தான் வந்திருந்தாள். கிடைத்திருக்க வேண்டியதும்தான். ஆறு பேரில் அவள்தான் கெட்டிக்காரி.

எங்கள் கேள்வி வெட்டுக்கிளியைப் பற்றியது. ஒரே இனத்தில் பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு. உழுது போட்ட மண்ணில் பச்சை எத்தனை நாள் பிழைக்கும்? பயிருக்குள் பழுப்பு எத்தனை நாள்? கொக்கும் மைனாவும் எதை முதலில் பொறுக்கும்? அப்பா எலப்புள்ளியில் இரண்டு வயல் கொடுத்தார். ஒன்று உழுதது, ஒன்று கிணற்றுத் தண்ணீரில் பச்சையாக நின்ற சோளத்தட்டு. கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். முதுகில் சாயப்பொட்டு வைத்த வெட்டுக்கிளிகளைக் கட்டத்துக்கு இத்தனை என்று விட்டுவிட்டு, மூன்றாம் நாள் வலை வீசி மிச்சத்தை எண்ணுவோம்.

“உனக்கு மட்டும் எப்படிப் புள்ள, கல்யாணப் பந்தியாட்டம் பூச்சி வந்து விழுகுது?” என்று அம்மா வரப்பில் நின்று கேட்பாள். கஞ்சிக்கோட்டில் புதிதாக வந்த ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, வலையோடு ஓடும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

வயல் வேலை நடந்த வாரங்களில் செல்வராணி எங்கள் வீட்டில் தங்கினாள். வெயில் அவளுக்குப் பழக்கமில்லை. “எங்க ஊர்ல அட்ட, இங்கன வெயிலு. ரெண்டும் ரத்தத்தத்தான் குடிக்குது” என்பாள். எங்கள் வீட்டில் அவளுக்குத் தனி டம்ளர் இருந்தது. அதை அப்போது நான் ஒரு சங்கதியாகவே நினைக்கவில்லை.

நான் கட்டத்துக்குள் நின்று வலையில் இருப்பதை எடுத்துப் புட்டியில் போட்டபடி உரக்க எண்ணுவேன். அவள் வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்து எழுதுவாள். “லாபம், ரெண்டு, மூணு, நாலு. அடுத்தது.” அவள் நாலு என்று எழுதுவாள். “லாபம். அடுத்தது.” அவள் என்ன எழுதினாள் என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

4

ஏழாவது வாரம் கல்லூரியில் கணக்குப் பார்த்தோம். உழுத மண்ணில் பச்சை வெட்டுக்கிளி அநேகமாகப் பூண்டோடு போய்விட்டது என்று நோட்டுப் புத்தகம் சொன்னது. கட்டத்துக்குக் கட்டம் பூஜ்யம். இவ்வளவு சுத்தமான விடை வயலில் கிடைக்காது என்று சாருக்குச் சந்தேகம். உழுத வயலில் பிடித்ததையெல்லாம் ஒரே பெரிய புட்டியில்தான் போட்டு வைத்திருந்தோம். அதை மேசையில் கொட்டச் சொன்னார். ஆறு பேரும் சுற்றி நின்றோம். புத்தகத்தில் இருந்ததைவிடப் பச்சை வெட்டுக்கிளிகள் பதினொன்று கூடுதல்.

“இது ஆரு எழுதினது?”

“நாந்தான் சார்” என்றாள் செல்வராணி.

“வயல்ல இருந்து எழுதினதோ, வீட்டுக்குப் போய்ப் பூஜ்யம் நிறைச்சதோ?”

“தெய்வான சொன்னதத்தான் சார் எழுதுனேன்.”

சார் என் பக்கம் திரும்பினார். “தெய்வானை, நீ சரியாட்டு எண்ணினியா?”

“எண்ணினேன் சார்.”

அந்த நிமிடத்தில் அது உண்மை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்வராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்பது போல. எந்த வெட்டுக்கிளி எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை, உழுத வயல் கணக்கு முழுவதும் வீண் என்று சார் புத்தகத்தை மூடினார். காணாததை எழுதுகிறவர்களுக்கு இந்தப் படிப்பு வேண்டாம் என்று மலையாளத்தில் சொன்னார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் இரண்டு வார்த்தை பேசியிருப்பாளோ என்னவோ. செவ்வாய்க்கிழமை சிபாரிசுப் பட்டியல் டைப் அடிப்பதாகச் சொல்லி எங்களை அனுப்பினார்.

5

ஞாயிற்றுக்கிழமை எலப்புள்ளியில், அரிசி ஆலைக்கு அனுப்ப அப்பா நெல் அளந்துகொண்டிருந்தார். நான் சாக்கு வாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “லாபம்” என்று முதல் வள்ளத்தைக் கொட்டினார். என் கை சாக்கை விட்டுவிட்டது.

“ஏனுங்கப்பா, ஒரே ஒரு வள்ளந்தான் இருந்துதுன்னா என்னன்னு சொல்லுவீங்க?”

“லாபம்னுதான் அம்மிணி. பின்ன என்னத்தச் சொல்றது? சாக்கப் புடி.”

பதினோரு வெட்டுக்கிளிகளும் எங்கே போயின என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்தில் நெல் அளக்கிறவர் யார்? அவள் அந்தச் சொல்லைக் கேட்டு, பிள்ளையார் சுழி மாதிரி ஏதோ ஒரு மங்கலச் சொல் என்று விட்டிருப்பாள். அதன்பின் எண் எதுவும் வராததால் பூஜ்யம் போட்டிருப்பாள். அவள் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறாள். பிழை என் வாயில் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அன்று என் வீட்டு வாசலிலேயே நடந்தது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: “காயிதம் வந்துதுன்னா பெங்களூருக்குப் போயிப் படி. நாங் குறுக்க நிக்கல. வரலீன்னா ஆவணியில உன்ற மாமன் மகனுக்கே தேதி வெச்சுப்போடலாம்.” மாமன் மகன் கெட்டவர் இல்லை. எனக்குத்தான் அந்த வீட்டுக்குப் போய் எருமை கறக்க மனமில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் கஞ்சிக்கோடு தாண்டும் வரை சாரிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். சார், எண்ணினது நான், எங்கள் ஊர் வழக்கம் இது, அவள்மேல் பிழையில்லை. மூன்று வாக்கியம். சார் அறைக்கு வெளியே பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனேன். என்ன என்று கேட்டார். சோளத்தட்டு வயல் கணக்கை மட்டும் தனியாக எழுதித் தரட்டுமா சார் என்று கேட்டேன். தாராளமாக என்றார். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பிறந்தவள் மாதிரி வெளியே வந்தேன்.

ஹாஸ்டலில் செல்வராணி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். “நான் எங்கன தப்பு விட்டேன்னே தெரியலட்டி” என்றாள். நான் பெட்டிக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் பட்டியலில் என் பெயர் இருந்தது.

6

பிறகு பெங்களூர், அங்கிருந்து இந்த ஊர், கல்யாணம், ஒரு பையன். வருடத்துக்கு ஒரு பொங்கல் கடிதம் அவளிடமிருந்து வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன், அம்மா காலமாகிவிட்டாள், இப்போது இடுக்கி ஜில்லா என்று போடு என்று இரண்டு மூன்று வரி. நானும் பதில் எழுதுவேன். பையனுக்குப் பல் முளைத்ததை எழுதினேன். பனி பெய்ததை எழுதினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவும் கற்றுக்கொண்டது, சும்மா இருக்கவும் கற்றுக்கொண்டது.

பையன் செந்திலுக்கு இப்போது நாலு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். போன பொங்கலுக்குத் தாத்தாவுக்கு அனுப்ப ஒரு கேசட்டில் ஏதாவது பேசு என்றேன். ஒன்று முதல் பத்து வரை தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் விடைபெற்றுக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். எலப்புள்ளியில் அப்பா அதைத் தெரு முழுவதும் போட்டுக் காட்டினாராம். என் பிள்ளை ‘ஒன்று’ என்றுதான் தொடங்குகிறான். அதை நினைத்து இங்கே வேறு தாய்மார் வருத்தப்படலாம். எனக்கு, உள்ளதைச் சொல்கிறேன், நிம்மதியாகவே இருக்கிறது.

கேரன் தும்மலா என்று கேட்ட அன்று மாலையே செல்வராணிக்கு எழுதினேன். அந்த மூன்று வாக்கியங்களை எழுத நாலு ஏர்மெயில் தாள் பாழானது. மாமன் மகன், பெங்களூர் ஆசை, பெஞ்சில் உட்கார்ந்த கால் மணி நேரம் எதையும் விடவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதி, அடித்துவிட்டேன். ஒன்பது வருடம் கழித்து அதையும் அவளிடம் கேட்டு வாங்குவது அதிகம் என்று தோன்றியது. தபால் பெட்டியில் போட்ட பிறகு தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

7

பத்து வாரம் முடிந்து, பிள்ளைகள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன வாரத்தில் பதில் வந்தது. அவள் பேசுகிற மாதிரியே எழுதுவாள். அவள் அனுமதிப்பாள் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் எடுத்துத் தருகிறேன்.

“தெய்வான, உன் காயிதத்த மூணு தடவ படிச்சேன். லாபம்னா என்னன்னு ஏன் திருப்பிக் கேக்கலன்னு நீ என்னயக் கேக்கல, அது நல்லது. எங்க தோட்டத்துல கொழுந்து நிறுக்கும்போது எடை சொல்றவரு சொன்னதுதான் எடை. எங்கம்மா ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்ல. உங்க வயல்ல உக்காந்துக்கிட்டு உன்னயக் கேக்க எனக்கு வாய் வரல.

“பதினோரு பூச்சிய நான் எப்படிப் பாக்காம விட்டேன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். கண்ணுல கோளாறோன்னு தேனிக்குப் போயி டாக்டர்கிட்டக் காட்டுனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு. அப்பப் புத்திதான் சரியில்லன்னு முடிவு பண்ணேன். பள்ளிக்கூடத்துல கணக்குப் பாடம் எடுக்கச் சொன்னாங்க. வேணாம்னுட்டேன். ஒம்பது வருசமா தமிழ் மட்டுந்தான் எடுக்கேன்.”

இதைப் படித்தபோது சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். நான் அவளிடமிருந்து ஒரு சிபாரிசுக் கடிதத்தை எடுத்துக்கொண்டேன் என்றுதான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். அது மட்டும் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது.

மன்னிப்பைப் பற்றி அவள் ஒரு வரியும் எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்டிருந்தாள். “எனக்கு மட்டும் எழுதுனா எப்படி? அன்னைக்கு மேசையச் சுத்தி நின்னவங்க அத்தன பேருக்கும் தெரியணும். சாருக்கும் தெரியணும்.” சாருக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். மற்ற நாலு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நம் பக்கத்தவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். அந்த நாலு பேரில் யாராவது இதைப் பார்த்தால்: செல்வராணி எழுதியது சரி. எண்ணிச் சொன்ன நான்தான் பிழை. அது தெரிந்த பிறகும் வாய் திறக்காதவளும் நானே.

கடிதத்தின் கடைசிப் பத்தி இது.

“எங்க பள்ளிக்கூடத்துக்கும் தோட்டத்து ஆளுக குடியிருக்குற லயத்து வீடுகளுக்கும் நடுவுல ஒரு ஓட. மேல மரப்பாலம். சாயங்காலம் பிள்ளைகள நாந்தான் கூட்டிக்கிட்டுப் போயி அக்கரையில விடணும். பாலத்துக்கு இங்கிட்டு ஒரு தடவ எண்ணுவேன், அங்கிட்டு ஒரு தடவ. அவங்கவங்க வீட்டுக்குப் போனப்புறம் லயத்துல ஒவ்வொரு கதவாத் தட்டி இன்னொரு தடவ. டீச்சருக்குக் கிறுக்குன்னு பிள்ளைக சிரிக்கும். எண்ணாம வந்தா எனக்குச் சோறு எறங்காது. உன் காயிதம் வந்த மறுநாள் நல்ல மழ, ஓடயில தண்ணி ஏறிக்கெடந்துச்சு. அக்கரையில நிப்பாட்டி ஒரே ஒரு தடவ எண்ணுனேன். இருபத்தேழு. சரி, போங்கன்னு சொல்லிட்டு, எந்தக் கதவையும் தட்டாம வீட்டுக்கு வந்துட்டேன்.”